கடியப்பட்டணம் மாடியில் பூட்டிய லாக்கர்

லாக்கர் வாங்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் பூட்டைத்தான் பார்ப்பார்கள். நான் அவர்களிடம் படிக்கட்டைப் பற்றிக் கேட்பேன். எத்தனை படி, அகலம் எவ்வளவு, எந்த இடத்தில் திரும்புகிறது. சிலருக்கு எரிச்சல் வந்துவிடும். "நான் வாங்க வந்தது பெட்டியாக்கும், படிக்கட்டு இல்ல" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். "பெட்டி ஏறிப்போக வேண்டிய வழி அதுதானே சார்" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு போன் போட்டு மனைவியைப் படியை அளக்கச் சொன்னார்.

நாகர்கோவிலில் இரும்பு பீரோவும் லாக்கரும் விற்கிற கடையொன்றில் இருபத்தொன்பது வருடம் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அங்கே போனைத் தொட்டால் திறக்கிற லாக்கர் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பிட்டர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்திருக்கிறார்கள். "எட்வின் அண்ணே, உங்களுக்கு வந்ததிலேயே கஷ்டமான கேஸ் எது? வந்து ஒரு மணி நேரம் பேசுங்க" என்று கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ.யில் பிட்டர் டிரேடு. கடையில் சேர்ந்த முதல் ஐந்தாறு வருடம் பீரோவுக்குக் கைப்பிடி மாட்டியதும், பூட்டு மாற்றியதும்தான் வேலை. பிறகு சென்னைக்கு அனுப்பி மூன்று வாரம் லாக்கர் பூட்டு பழக்கினார்கள். அப்போதெல்லாம் லாக்கர் என்றால் ஒரே வார்ப்பாக வரும். எட்டுப் பேர் இரும்புக் குழாய் போட்டு உருட்டி, முதுகு ஒடிந்து, வீட்டுக்காரரின் தரையோட்டில் நாலு உடைத்துத்தான் உள்ளே கொண்டு வைப்போம். மாடி என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவோம். மாடுலர் லாக்கர் வந்த பிறகுதான் தொழில் மாறியது. அடித்தகடு, பக்கம் இரண்டு, முதுகு, மேல்தகடு, சட்டத்தோடு சேர்ந்த கதவு. ஆறு துண்டு. ஒவ்வொன்றாக மேலே ஏற்றி அங்கேயே கோத்துப் பூட்டலாம். போல்ட் எல்லாம் உள்பக்கமிருந்து போடுவதால் வெளியிலிருந்து எவனும் கழற்ற முடியாது.

எங்கள் கிளைக்குப் பொறுப்பு செண்பகம் மேடம். பூதப்பாண்டிக்காரர். பேச்சு குறைவு. கைப்பையில் அளவு டேப்பும் சின்ன ரசமட்டமும் எப்போதும் இருக்கும். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும், என்ன வைக்கப் போகிறீர்கள் என்று மேடம் கேட்க மாட்டார். "வைக்கப் போற சாமான் உங்க காரியம். இதை யாரு திறக்கக் கூடாது, அத மட்டும் சொல்லுங்க" என்பார். எல்லோரும் முதலில் திருடன் என்றுதான் சொல்வார்கள். மேடம் ஒன்றும் பேசாமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதன் பிறகுதான் மைத்துனர் வருவார், வேலைக்காரி வருவாள், குடிக்கிற மகன் வருவான். அதற்கேற்ற பூட்டை மேடம் சொல்வார்.

மேடத்தின் ஊரிலேயே ஒரு சம்பவம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், மச்சு அறையில் வைக்க லாக்கர் வேண்டும் என்று வந்தார். மேடமும் நானும் போய்ப் பார்த்தோம். பழைய வீடு. மச்சுக்குப் பலகைத் தளம். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நின்று குதிகாலால் இரண்டு முறை மிதித்தார். கீழே தொங்கிய விளக்கு ஆடியது.

"சார், இதுக்கு மேல லாக்கர் வச்சா ஒரு நாள் அது தானாக் கீழ வந்துரும். கீழ்முறியில வைங்க, தாறேன்."

"நான் காசு தாறேன், நீங்க சாமானத் தாங்க. எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப வேற கடையில பாத்துக்கிடுங்க சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மாதம் லாக்கர் கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். வாத்தியார் வெளியூரில் ஒரே வார்ப்பு லாக்கர் ஒன்றை வாங்கிவிட்டார். அது வாசலுக்குள் நுழையவில்லை. காரை வெளியே வெயிலில் போட்டுவிட்டு, கார் நிற்கிற இடத்தில் தார்ப்பாய் மூடி லாக்கரை நிறுத்தியிருந்தார். இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். கீழறையில் மாடுலர் வைத்துக் கொடுத்தோம். பழையதை விற்றவர்களே திருப்பி எடுத்துப் போனார்கள். மேடம் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "தரை நல்லா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார். முடியாது என்றால் முடியாது என்று சொல்ல நான் கற்றது அன்றைக்குத்தான். அது எனக்குக் கடைசி வரை கைகொடுத்தது.

இனி நீங்கள் கேட்ட கேஸ். கடலோரத்துக் கடியப்பட்டணம்.

ஸ்டெல்லா கடைக்கு வந்தபோது முப்பத்தைந்து வயது இருக்கும். குவைத்தில் நர்ஸ். இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். புருஷன் ஜெரோம், மீன்பிடி ஃபைபர் வள்ளத்தில் பங்குக்காரர். ஒரே மகள், நாலாம் வகுப்பு. ஸ்டெல்லா அனுப்பிய பணத்தில்தான் வீட்டுக்கு மாடி எழுந்தது. மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஸ்டெல்லா சிரித்தாள்.

"யாரையும் நினைச்சு வாங்கல்ல மேடம். அங்க ஹாஸ்டல்ல கட்டிலுக்கு அடியில எனக்கு ஒரு சூட்கேஸ். இங்க மாமியாருக்க அலமாரியில ஒரு தட்டு. இத்தன வருசம் சம்பாதிச்சும் எனக்குன்னு திறந்து பூட்ட ஒண்ணு இல்ல. அதான்."

மேடம் மாடுலரில் ஆறு இலக்க எண் பூட்டு உள்ளதைக் காட்டினார். ரிஜிஸ்டர் கார்டில் ஸ்டெல்லா பெயரும் கையெழுத்தும் ஏறியது.

நானும் இரண்டு சுமையாட்களும் போனோம். படி வெளிப்பக்கம், குறுகலானது, பாதியில் திரும்பியது. மற்ற துண்டுகள் ஏறிவிட்டன. கதவு மட்டும் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. எங்கள் கை நழுவப் போகிற நேரம், கடற்கரையிலிருந்து அப்போதுதான் வந்த ஜெரோம் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அடியில் தோள் கொடுத்தார். "பைய, பைய... இப்ப ஒரு சாய்ப்பு. ஆங், ஏத்துங்க!" வள்ளம் தூக்கிப் பழகிய தோள். கதவு பூப்போல மேலே போனது.

மாடிச் சுவர் உள்ளே பொள்ளலான சிமென்ட் கல். தட்டிப் பார்த்ததுமே தெரிந்தது. அதில் போல்ட் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அதனால் சுவரை விட்டுவிட்டுத் தரைக் கான்கிரீட்டில் நாலு போல்ட் இறக்கினேன். கடலோரம் என்பதால் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட். துளை போடுவதற்கு முன்னால் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, வயர் எங்கே என்று கேட்டுக் கோடு போட்டுக்கொண்டேன். அடித்தகட்டுக்கு ரசமட்டம் பார்த்து, பக்கங்களை நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு வழியும் அளந்தேன். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் கதவு மாட்டலாம். ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் இன்றைக்கு மூடும், மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும். கதவைத் திறந்து வைத்தபடியே எண் போட்டு, பூட்டி, திறந்து, மூன்று முறை பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தலாம். திறந்த கதவில் சோதிக்காமல் சாத்துகிற பிட்டர், அதை உடைக்க உளியோடுதான் திரும்பி வருவான்.

எல்லாம் சரியாகச் செய்தேன், ஒன்றைத் தவிர. எண் வைக்கும்போது அறையில் ரிஜிஸ்டர் செய்தவர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். பிட்டர் மட்டும் கூட இருக்கலாம், ஆனால் லாக்கருக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். நான் திரும்பித்தான் நின்றேன். ஆனால் ஜெரோம் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தோளில் கதவின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. எனக்காகச் சுமந்த மனுஷனை அவர் வீட்டு அறையிலிருந்தே வெளியே போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவசரச் சாவி இரண்டையும் கவரில் ஒட்டி ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். "இத லாக்கருக்குள்ள வைக்காதீங்க. ஒண்ணாவது வேற வீட்டுல இருக்கட்டும்." தலையாட்டினாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் மத்தியானம் போன். ஸ்டெல்லா.

"அண்ணே, லாக்கர் தொறக்கல்ல. நாளைக்குக் காலைல திருவனந்தபுரத்துல பிளைட்டு. பாஸ்போர்ட்டு உள்ள இருக்கு."

"அவசரச் சாவி?"

"அதுவும் உள்ளதான் அண்ணே."

ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். முதலில் பாட்டரி பார்த்தேன், நன்றாக இருந்தது. அவளை எண் போடச் சொல்லிவிட்டு அந்தப்புறம் திரும்பினேன். பீப் சத்தம் தெளிவாகக் கேட்டது. பழுதான பூட்டு அப்படிக் கத்தாது. அது எண் தவறு என்று சொல்கிற சத்தம்.

"லாக்கருக்கு ஒரு கேடும் இல்லம்மா. நம்பரை யாரோ மாத்தியிருக்காங்க."

"என்னைத் தவிர யாருக்கும் தெரியாதே" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. என் முகமும் மாறியிருக்கும். எண்ணை மாற்ற வேண்டுமானால் பழைய எண்ணால் ஒரு முறை திறந்தாக வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த ஆள் என் கண்முன் வந்தார்.

படியில் இறங்கி நின்று மேடத்துக்கு போன் போட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "அண்ணைக்கு அவர வெளிய அனுப்பல்ல மேடம். எனக்க தப்பு."

"நான் வாறேன். அதுக்குள்ள துளை போடுற மெசினக் கையில எடுக்காதிய" என்றார். திட்டவில்லை.

மேடம் வந்து சேரவும் ஜெரோம் வரவும் சரியாக இருந்தது. அவர் மாடிப்படியின் திருப்பத்தில், கதவு மாட்டிக்கொண்ட அதே இடத்தில், இரண்டு கையையும் விரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எனக்க வீடு. யாரும் மேல ஏறாண்டாம்."

மேடம் இரண்டு படி கீழே நின்றபடி சொன்னார். "வீடு உங்களதுதான். லாக்கர் உங்க வீட்டுக்காரி பேர்ல இருக்கு. அவங்க எழுதித் தந்தா நாங்க திறந்தாகணும். அவங்க வேண்டாம்னு சொன்னா இப்பவே போறோம். நீங்க சொல்லி நாங்க போக முடியாது."

"நான் கள்ளன் இல்ல மேடம். உள்ள உள்ள பொன்ன நான் தொடல்ல."

"எனக்குத் தெரியும். தொட்டிருந்தா நம்பரை மாத்தியிருக்க மாட்டிய, ஊர விட்டுப் போயிருப்பிய."

அவர் கை சுவரிலிருந்து கீழே இறங்கியது. குரலும் இறங்கியது. "பிள்ளைக்கு நாலு வயசுல போனா. இப்ப ஒம்பது. ஒவ்வொரு தடவையும் இது கடசின்னு சொல்லிட்டுத்தான் போறா. நாளைக்கு அந்தப் பிளைட்ட மட்டும் அவ விட்டுட்டான்னா..." மேடம் அவரைத் தாண்டி ஏறினார். அவர் ஒதுங்கி வழிவிட்டார். நான் பின்னால் ஏறினேன்.

ஸ்டெல்லாவிடம் மேடம் அடையாள அட்டை கேட்டார், ரிஜிஸ்டர் கார்டோடு ஒப்பிட்டார். திறக்கச் சொல்லிக் கைப்பட எழுதி வாங்கினார். அழுதுகொண்டிருந்தவளிடம் இப்படிக் காகிதம் காகிதமாகக் கேட்பது எனக்கு அப்போது கொடுமையாகப் பட்டது. ஆனால் நாலாவது வரி எழுதும்போது அவள் அழுகை நின்றுவிட்டதைக் கவனித்தேன். பிறகு நான் சொன்னேன்.

"ஸ்டெல்லா, உங்க நம்பர் வெளிய போனது எங்க கடைக்க தப்பு. எனக்க தப்பு. நம்பர் வைக்கும்போ அவர வெளிய நிறுத்தியிருக்கணும். இதுக்கு ஒரு செலவும் உங்களுக்கு வராது. திறந்து தாறது எனக்க பொறுப்பு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும் அவரு இருந்தது தெரியும் அண்ணே. நானும் போகச் சொல்லல்ல" என்றாள்.

துளை போடுகிற இடத்தைக் குறித்தேன். எந்த இடம் என்பதை இங்கே எழுத மாட்டேன், வகுப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே விரல் நுனி அளவு தப்பினால் உள்ளிருக்கும் இன்னொரு பூட்டு விழுந்து, சில மணி நேர வேலை நாலு நாளாகும். பஞ்ச் வைத்துத் தட்டி, துளையிடும் பிட்டை எண்ணெயில் நனைத்து, மெசினை மார்பில் சாய்த்து அழுத்தினேன். இரும்பு கத்தியது. ஐந்து நிமிடம் அழுத்துவேன், இரண்டு நிமிடம் பிட்டை ஆற விடுவேன். வேகமாகப் போட்டால் பிட் மழுங்கும். எனக்கு என் கை மேல் நம்பிக்கை இருந்தது. இரண்டரை மணி நேரத்தில் திறந்துவிடுவேன் என்று தெரியும்.

பிட் முதல் தகட்டைத் துளைத்து முடித்த நேரம். பிட்டை ஆற விட்டிருந்தேன். வாசலில் ஜெரோம் நின்றார்.

"நிறுத்துங்க அண்ணே. கதவு வீணாப் போவும்."

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ போயித்தான் ஆகணுமா?"

"போகாதன்னு ஒரு தடவையாவது வாயத் தொறந்து சொன்னியளா? அஞ்சு வருசத்துல? ஏர்போட்டுக்குக் காரு வருதான்னுதானே கேப்பிய."

"சொன்னா கேப்பியா?"

"சொல்லாம எப்பிடிக் கேக்க? பூட்டிப் போட்டா நான் நின்னுருவேன்னு நெனச்சியளா? இன்னும் பதினோரு மாசம் எழுதிக் குடுத்திருக்கேன். பாதியில விட்டுட்டு வந்தா பின்ன எந்த ஆஸ்பத்திரியிலும் ஏத்தமாட்டான். அது முடிஞ்சா வாறேன். ஆனா அது நானா வரணும்."

ஜெரோம் லாக்கர் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். மேடம் சன்னல் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன். ஆறு முறை பட்டன் சத்தம் கேட்டது. போல்ட் விலகியது. பாஸ்போர்ட்டை அவரே எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

நான் போட்ட அரைத் துளையை அடைத்து, மேலே வட்டத் தகடு ஒட்டிப் பெயின்ட் அடித்தேன். பிறகு புது எண் வைக்க வேண்டும். ஜெரோம் தானாகவே எழுந்து வெளியே போகப் போனார். ஸ்டெல்லா, "நில்லுங்க" என்றாள். என்னைப் பார்த்து, "அண்ணே, ரெண்டு பேருக்க நம்பரும் போட்டாத்தான் திறக்கும்னு ஒரு முறை உண்டும்னு கடையில சொன்னியளே?"

"உண்டு. ஆனா நீங்க அங்க போயிட்டா இது திறக்கவே திறக்காதே."

"திறக்கணும்னா அவரு என்னைக் கூப்பிட்டு எனக்க நம்பரைக் கேக்கட்டும். எதுக்குன்னு சொல்லட்டும்."

மேடம் என்னை அந்த முறையைப் போடச் சொன்னார். இந்த முறை அவசரச் சாவி இரண்டும் உள்ளே இல்லை. ஒன்று ஸ்டெல்லாவின் அம்மா வீட்டுக்கும், ஒன்று எங்கள் கடைச் சீலோடு மேடத்தின் பொறுப்பிலும் போனது. ஸ்டெல்லா எண் போடும்போது ஜெரோம் வெளியே நின்றார். ஜெரோம் போடும்போது ஸ்டெல்லா வெளியே நின்றாள். நான் இரண்டு முறையும் படிக்கட்டில் நின்றேன்.

மறுநாள் காலையில் அவள் விமானம் ஏறினாள். ஜெரோம்தான் கொண்டுபோய் விட்டார்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் என் தவறை நான் மழுப்பாமல் எழுதினேன். மேடம் படித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் அச்சடித்து வந்த புது படிவத்தில் ஒரு வரி கூடியிருந்தது: எண் வைக்கும்போது அறையில் இருந்தவர்கள். இப்போது போனில் திறக்கிற லாக்கருக்கு அந்த வரி எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பதாகக் கேள்விப்பட்டேன். போனுக்கும் ஒரு எண் உண்டு. அதை வைக்கும்போதும் கட்டிலில் யாராவது உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அவரை வெளியே போகச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் பிறகு நூற்றுக்கணக்கான பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை.

ஒரு வருடம் ஆகியிருக்கும். கடையில் பீரோ ஒன்றுக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தேன். ஜெரோம் கூப்பிட்டார்.

"அண்ணே, லாக்கரு தொறக்க மாட்டங்கு. ரெண்டு பேரும் அமுக்கிப் பாத்தாச்சு."

"ரெண்டு பேருமா?"

"அவ வந்தாச்சு அண்ணே. பதினஞ்சு நாளாச்சு."

பெட்டியின் முகப்பில் சிவப்பு வெளிச்சம் மினுங்குகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பாட்டரிதான். ஒரு வருடத்துக்கு மேல் கடல் காற்றில் நின்றது. மூடியைக் கழற்றி, முனைகளைத் துணியால் துடைத்து, நாலு புது பாட்டரி போடச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் வேலை பார்க்கிற சத்தம் கேட்டது. பின்னால் ஸ்டெல்லா என்னவோ சொன்னாள், அவர், "இரிட்டி, பைய" என்றார். பிறகு பட்டன் சத்தம். ஆறு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஆறு. போல்ட் விலகியது எனக்கே கேட்டது.

"தொறந்தாச்சு அண்ணே. பாஸ்போர்ட்டு உள்ள வைக்கத்தான்."

"நல்லது. ரெண்டு நம்பர் முறை சிரமமா இருந்தா சொல்லுங்க, வந்து மாத்தித் தாறேன்."

"மாத்தாண்டாம் அண்ணே" என்றார் ஜெரோம். "எனக்க நம்பரையும் அவகிட்ட சொல்லியாச்சு. அவளுக்க நம்பரை நான் கேக்கல்ல."